அக்குளின் பக்கத்து வீட்டுக்காரி

சாரற்குளத்தில் முதன்முதலாகப் பேசியது சிதம்பரவேலு அண்ணாச்சியின் வயிறு. ஆனி மாதம், மலையிலிருந்து சாரல் இறங்கி ஊரே காயாத துணி மாதிரி மணத்துக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, காலை எட்டேகால் மணி, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் இருக்கும் ரத்தப் பரிசோதனை லேப். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்திருந்த அண்ணாச்சி, பச்சைத் தண்ணிகூடப் பல்லில் படவில்லை என்று சத்தியம் செய்து சட்டைக் கையை மடக்கிக்கொண்டிருக்க, பக்கத்து பெஞ்சில் காய்ச்சலோடு அம்மா மடியில் சாய்ந்திருந்த வேணி என்ற யுகேஜி குழந்தை, லேப்பில் கொடுத்த புதுப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள்:

"வயித்துக்குள்ளே என்ன சத்தம்?
வடையும் பாலும் போடும் யுத்தம்!
டுர்ருனு வெளியே வந்தது யாரு?
டீச்சர் மூக்கைப் பொத்துறா பாரு!"

படித்து முடித்ததுதான் தாமதம், அண்ணாச்சியின் சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னாலிருந்து, தொண்டை கட்டிய பாகவதர் மாதிரி ஒரு குரல் பதில் சொன்னது:

"இட்லி ரெண்டு, வடை ஒண்ணு,
இப்பத்தான் வந்தார் இவர் தின்னு!
காப்பிக்குச் சீனி மூணு கரண்டி,
கள்ளத்தனத்தைப் பாருங்கடி!"

ஊசியைக் கையில் வைத்திருந்த சபூரா அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி தன் வயிற்றைப் பார்த்தார். அவருக்கு ஆச்சரியமாக இல்லை, கூச்சமாகத்தான் இருந்தது.

"அதுக்குப் பசி தாங்காதும்மா," என்று மடக்கிய சட்டையை இறக்கிவிட்டார். "நாளைக்கு வாரேன்."

"நாளைக்காவது தின்னாம வாங்கண்ணாச்சி," என்றாள் கவுண்டரில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்த இருதயமேரி. "இனிமே உங்களுக்குச் சாட்சி உள்ளயே இருக்கு."

அந்தப் புத்தகத்தை எழுதியவள் சபூராதான். பதினான்கு வருஷமாக அந்த லேப்பில் ரத்தம் எடுக்கிறாள். பெரியவர்கள் ஊசியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். குழந்தைகள் அப்படியா, கையை இறுக்கி, காலை உதறி, தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறுவார்கள். ஒருநாள் அப்படி அலறிய பிள்ளையிடம் அவள் வாய்க்கு வந்தபடி மூக்குச் சளியைப் பற்றி நாலு வரி எடுத்துவிட, பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தது. சிரிக்கிற கையில் நரம்பு நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தினம் ஒரு பாட்டு. அவள் சொல்லச் சொல்ல இருதயமேரி பழைய ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி வைத்தாள். கீழே ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கும் கோமதிநாயகம், காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் படம் போட்டுச் சலித்துப்போனவன், ஆசை ஆசையாகப் படம் வரைந்தான். 'குறுகுறு டுர்டுர்' என்று பெயர். மூக்கு, காது, நாக்கு, பல், தொண்டை, அக்குள், வயிறு, தொப்புள், மூத்திரப்பை, குண்டி, முட்டி, குதிகால் என்று பன்னிரண்டு உறுப்புக்கும் பன்னிரண்டு பாட்டு. முந்நூறு பிரதி அச்சாகி, ஊசிக்கு அழாத பிள்ளைக்கு ஒன்று, அழுத பிள்ளைக்கும் ஒன்று என்று வாரத்துக்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது.

பதின்மூன்றாவதாக ஒரு பாட்டு வந்திருக்க வேண்டியது. கைப்பிரதியைப் படித்துப் பார்த்தபோது, "மார்பைப் பத்தியும் ஒண்ணு எழுதட்டுமாக்கா? பிள்ளைங்களுக்கு முதல்ல தெரிஞ்ச உறுப்பே அதான்," என்று சபூரா கேட்டாள். இருதயமேரி தலை நிமிராமல், "வேண்டாம்ட்டி. ஊரு சிரிக்கும்," என்றாள். குண்டிப் பாட்டை லேப்பில் பாடியபோது சிரிக்காத ஊரா இதற்குச் சிரிக்கப்போகிறது என்று சபூராவுக்குத் தோன்றியது. ஆனாலும் மேரியக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

எந்த வீட்டில் எந்தப் பக்கத்தைக் குழந்தை உரக்கப் படித்ததோ அந்த வீட்டில் அந்த உறுப்பு வாய் திறந்தது. ஒரே வாரத்தில் ஊரில் எல்லோருக்கும் பன்னிரண்டு உறுப்பும் பேசத் தொடங்கிவிட்டன. அச்சு மையில் ஏதோ கலந்திருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார், சாரல் காற்றுதான் காரணம் என்று பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டார்கள், அதற்கு மேல் அதைத் துருவ யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் பேசுகிற உடம்பை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பதே பெரும் பாடாக இருந்தது. வெள்ளிக்கிழமை பள்ளிவாசலிலும் செவ்வாய்க்கிழமை அம்மன் கோயிலிலும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலும் வயிறுகள் ஒரே மெட்டில்தான் பாடின, அதனால் எல்லோரும் வாயில் எதையாவது போட்டு மென்றுவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் காது, கேசரித் தட்டு வந்த நேரத்தில்,

"அம்மா சொன்னா உள்ளே நுழையும்,
அடுத்தவ சொன்னா வெளியே வழியும்!"

என்று பாடிவிட, பெண் விழுந்து விழுந்து சிரித்து, "ஒரு மாசம் அந்தக் காதைப் பழக்கிக் கூட்டிட்டு வாங்க," என்று அனுப்பிவைத்தாள். பையனும் ஒரு மாதம் பழக்கி, மறுபடி வந்து, காது வாயே திறக்காததால் தாம்பூலம் மாற்றிக்கொண்டு போனான். பல் கூசுவதை இரண்டு வருஷமாக மறைத்த தமிழ் வாத்தியார் தன் கடைவாய்ப்பல் யாப்பு தவறிப் பாடுகிறதே என்ற ஒரே எரிச்சலில் பிடுங்கிக்கொண்டார். சில நாளில் ஊருக்கு ஒரு மரியாதையும் உண்டாகிவிட்டது. அடுத்தவர் உடம்பு சொன்னதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பஸ்ஸில் பக்கத்து ஆளின் குண்டி மூலத்தைப் பற்றி முறையிட்டால் ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்க்க வேண்டும். யாரும் எழுதி வைக்காவிட்டாலும் எல்லோரும் அதைக் காப்பாற்றினார்கள்.

மில்லில்தான் விஷயம் கொஞ்சம் பெரிதாகப் போனது. நூல் மில்லில் இருநூறு பெண்கள் வேலை பார்த்தார்கள். இருந்தது ஒரே கழிப்பறை, அதுவும் ஆபீசுக்குப் பின்னால், மேஸ்திரி பார்வையில். காலையில் அடக்கினால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான். ஒரு திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, மிஷின் ஓடுகிற இரைச்சலையும் மீறி, இருநூறு மூத்திரப்பைகள் ஒரே குரலில் ஆரம்பித்தன:

"காலையில் அடக்கினோம் சொல்லாம,
கக்கூஸ் எங்கே, முதலாளி மாமா?"

முதலாளி ஊரின் மரியாதைப்படி ஜன்னலுக்கு வெளியே மலையைப் பார்த்தார். இரண்டு மணி வரை பார்த்தார். இரண்டு மணிக்கு அவருடைய மூத்திரப்பையும் சேர்ந்துகொண்டது. அடுத்த மாதம் மில்லின் கிழக்குச் சுவரோரம் எட்டுக் கழிப்பறைகள் வரிசையாக நின்றன. நின்றே வேலை பார்த்த குதிகால்கள் அடுத்த வாரம் பாடியதில் முக்காலிகளும் வந்தன.

இதையெல்லாம் பார்த்துச் சபூராவுக்குப் பெருமையாக இருந்தது. லேப்பில் கூட்டம் குறையவில்லை, கூடியது. வயிறு சொன்னதை ரிப்போர்ட்டில் பார்த்து ஊர்ஜிதம் செய்துகொள்ள ஆட்கள் வந்தார்கள். அவளும் மேரியக்காவும் காலை ஏழு மணியிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி வேலை செய்தார்கள், ஒரே டப்பாவில் சாப்பிட்டார்கள், மேரியக்காவின் முட்டிகள் படிக்கட்டைத் திட்டிப் பாடுவதையும் சபூராவின் தொப்புள் சும்மா சும்மா கொட்டாவி விடுவதையும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆவணி மாதம் ஒரு மத்தியானம், மேல் அலமாரியிலிருந்து டெஸ்ட் டியூப் பெட்டியை எடுக்க இருதயமேரி இடது கையைத் தூக்கினாள். புத்தகத்தில் அக்குளின் பாட்டு வெறும் கிச்சுக்கிச்சுப் பாட்டு. 'குறுகுறு குறுகுறு விரலே வா, குளிக்கலையா? சீச்சீ, அப்புறம் வா' என்று முடியும். ஊரில் எந்த அக்குளும் இதுவரை சிரிப்பதற்குத் தவிர வாய் திறந்ததில்லை. மேரியக்காவின் இடது அக்குள் சிரிக்காமல், அடங்கிய குரலில் சொன்னது:

"பக்கத்து வீட்டுக்காரி அழுவா,
பாட்டில்லாம என்னைத் தொழுவா.
வாயில்லாதவ என்ன செய்வா?
வாடகைக்கு என் வாயைக் கேப்பா."

இருதயமேரி சட்டென்று கையை இறக்கி உடம்போடு ஒட்டிக்கொண்டாள். "இந்த அலமாரியை என்னைக்குத்தான் தொடைக்கப்போறோமோ, ஒரே தூசி," என்றாள். பெட்டி அங்கேயே இருந்தது.

சபூராவும் மரியாதைப்படி ஜன்னல் பக்கம் திரும்பினாள். ஆனால் மலை அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. அக்குளுக்குப் பக்கத்து வீடு எது என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. 'வேண்டாம்ட்டி, ஊரு சிரிக்கும்' என்று மேரியக்கா அன்றைக்குத் தலை நிமிராமல் சொன்னதும் இப்போதுதான் புரிந்தது. பதினான்கு வருஷமாக ஊரின் ரத்தத்தையெல்லாம் சொட்டுச் சொட்டாகப் பார்த்தவள், கைக்கெட்டும் தூரத்தில் நின்ற ஒருத்தியைப் பார்க்கத் தவறிவிட்டேனே என்று தன்னையே நொந்துகொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் மேரியக்கா எல்லாவற்றையும் வலது கையாலேயே செய்தாள். இடது கையைக் கீழேயே வைத்துக்கொண்டாள், கை தூக்கினால்தானே பேசும்.

இரண்டு தடவை சபூரா கேட்க வாயெடுத்தாள். ஒரு தடவை, "அக்கா, உனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டேவிட்டாள். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்," என்ற மேரியக்கா, கல்லு என்ற வார்த்தையில் நாக்கைக் கடித்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினாள். வற்புறுத்தினால் வேலைக்கே வராமல் போய்விடுவாள், அப்புறம் பார்க்கவும் முடியாது என்று சபூரா பயந்தாள். நேராகக் கேட்டால் சொல்ல மாட்டாள். அப்படியென்றால் உள்ளே அழுகிறவளுக்கு ஒரு பாட்டு கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ரத்தம் பிடித்த டியூப்களைப் போட்டுச் சுழலவிடும் மிஷின் சுற்றி நிற்கப் பத்து நிமிஷம் ஆகும். அந்தப் பத்துப் பத்து நிமிஷங்களில் எழுதினாள். எந்த வார்த்தையைப் போடுவது என்பதிலேயே ஒருநாள் போனது. ஒன்று வசவு மாதிரி இருந்தது, ஒன்று பாடப் புத்தகம் மாதிரி இருந்தது. கடைசியில், மேரியக்காவிடம் முதலில் சொன்ன மார்பு என்ற வார்த்தையையே வைத்தாள். எழுதி முடித்ததும் கீழே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனாள்.

கோமதிநாயகம் தாளைப் படித்தான். காதுமடல் சிவந்தது. "யக்கா, நான் கட்சிக்காரங்களுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கிறவன். நாளைக்கு எவனாவது கேட்டான்னா?"

"குண்டிக்கு வரைஞ்சப்ப யாரும் கேக்கலையே."

"அது ஆம்பளைக்கும் இருக்குல்லா."

"இதுவும் ஆம்பளைக்கு இருக்கு தம்பி. பெருசா இல்ல, அவ்வளவுதான். நீ முதமுதல்ல எங்க சாப்பிட்டேன்னு நினைச்சுக்கிட்டு வரை."

அவன் இரண்டு நாள் தாடையைச் சொறிந்துகொண்டு திரிந்துவிட்டு வரைந்து கொண்டுவந்தான். கழுத்தில் துண்டு கட்டிய ஒரு குண்டுக் குழந்தை, அம்மாவின் மடியை ஓட்டல் நாற்காலியாக்கி, பந்தியில் உட்கார்ந்த மாமா மாதிரி சப்பணம் போட்டு, கண்ணை மூடிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதைக் குனிந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பக்கத்தைப் புத்தகங்களில் ஒட்டும் முன் ஊரில் சொல்லிவிடலாம் என்று நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டாள். மேரியக்கா வரவில்லை. ஆண்கள் பாதிப்பேர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். சிதம்பரவேலு அண்ணாச்சிதான் எழுந்து, "எல்லாம் சரிம்மா. பஸ்ஸுல போறப்ப, கடைகண்ணிக்குப் போறப்ப அது பேசுச்சுன்னா நல்லாவா இருக்கும்? நம்ம வீட்டுப் பொம்பளைங்க எப்படி வெளிய வருவாங்க?" என்று கேட்டார்.

மில்லில் வேலை பார்க்கும் மாடத்தி எழுந்தாள். "அண்ணாச்சி, உங்க வயிறு கல்யாண வீட்டுப் பந்தியில மூணாவது பாயசம் கேட்டுப் பாடுனப்ப, நாங்க அந்தப் பந்தியிலதான் இருந்தோம். உங்க வீட்டு ஆம்பளைங்க எப்படி வெளிய வாராங்கன்னு நாங்க கேட்டமா? எங்க மூத்திரப்பை பாடித்தான் கக்கூஸ் வந்துச்சு. இது பாடுனா என்ன வரும்னு பாத்திருவோமே."

அண்ணாச்சி உட்கார்ந்தார். உட்காரும்போது அவர் வயிறு, 'அந்தம்மா சொல்றது நெசம்தானே, அடுத்த பந்தியில பாயசம்தானே' என்று பாட, கூட்டம் சிரித்துக் கலைந்தது. மில் பெண்கள் வீடு வீடாகப் போய்ப் பசைச்சட்டியும் கையுமாக முந்நூறு புத்தகத்திலும் பதின்மூன்றாம் பக்கத்தை ஒட்டினார்கள்.

திங்கட்கிழமை காலை லேப்பில் பெஞ்சு நிரம்பியிருந்தது. வேணி இருமலுக்கு வந்திருந்தாள். புதுப் பக்கம் என்றதும் ஆவலாகப் பிரித்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள். மேரியக்கா டோக்கன் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கதவைப் பார்த்தாள். ஆனால் கதவுக்கு நடுவில் ஆட்கள் இருந்தார்கள்.

"மார்பு என்பது முதல் ஓட்டல்,
மணிக்கணக்கில்லை, இல்லை பூட்டல்!
மெனுவில் இருப்பது ஒண்ணே ஒண்ணு,
மூக்கு முட்டக் குடிச்சது கண்ணு!
ஓட்டல் நலமா? கேட்டுப் பாரு,
ஒண்ணும் சொல்லாட்டி தொட்டுப் பாரு!"

அதே காலையில் வீட்டுக்கு வீடு பிள்ளைகள் புதுப் பக்கத்தைப் படிக்க, ஊரெங்கும் அவை பேசத் தொடங்கின. பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. கோபுரத்துப் புறாக்கள் குமுறுவது போல, கடைத்தெருவிலும் குழாயடியிலும் மில்லிலும் ஒரு மெல்லிய முணுமுணுப்பு எழுந்தது. பெரும்பாலும் கொக்கி இறுக்கம், வேர்க்குரு, பிள்ளை கடித்த இடம், மற்றபடி நலம் நலம் என்பதுதான். பெஞ்சில் இருந்த பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்கும்போது, கவுண்டருக்குப் பின்னாலிருந்து, ரொம்ப நாள் பேசாமல் இருந்து பேசும் குரல் ஒன்று, தடுமாறித் தடுமாறி வந்தது:

"ஓட்டல் உள்ளே ஒரு கல்லு,
ஒம்பது மாசமா அதே சொல்லு.
கோலிக்குண்டா இருந்தது முந்தி,
கொய்யாப்பிஞ்சா ஆச்சு பிந்தி.
பயந்து பயந்து மூடாதே,
பஸ்ஸைப் பிடி, இனி ஓடாதே."

ஊர் மரியாதைப்படி எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. எல்லோரும் மேரியைத்தான் பார்த்தார்கள். அன்றைக்கும் சுகர் பார்க்க வந்திருந்த சிதம்பரவேலு அண்ணாச்சி எழுந்து நின்று வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"மேரி," என்றார். "என் வேன் கீழதான் நிக்கு. திருநவேலிக்கு ஒண்ணரை மணி நேரம். பையை எடு."

இருதயமேரி அவரைப் பார்க்காமல் சபூராவைப் பார்த்தாள். "ஏட்டி, வேணும்னே எழுதினியா?"

"ஆமாக்கா."

"இங்கயே இருந்துக்கிட்டு எனக்குத் தெரியாமலா இருக்கும்? இருபது வருஷமா ரிப்போர்ட்டை நான்தான டைப் அடிக்கேன். தெரிஞ்சதுனாலதான்டி பயந்தேன். தெரியாதவளா இருந்திருந்தா அப்பவே போயிருப்பேன்." டோக்கன் கட்டைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தாள். "மக கோயம்புத்தூர்ல முழுகாம இருக்கா. அவ பிரசவம் முடியட்டும், திருவிழா முடியட்டும்னு..."

"எல்லாம் முடிஞ்சு நீயும் முடிஞ்சிருவ. எந்திரிக்கா."

சபூரா கையுறையைக் கழற்றி எறிந்தாள். பெஞ்சில் இருந்தவர்களிடம், "இன்னைக்கு ரத்தம் கிடையாது, நாளைக்கு வாங்க," என்றாள். யாரும் முணுமுணுக்கவில்லை. வேணியின் அம்மா மேரியக்காவின் சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்துக் கொடுத்தாள். பெஞ்சில் இருந்த மாடத்தியும் வேனில் ஏறிக்கொண்டாள். போகிற வழி முழுவதும் அண்ணாச்சியின் வயிறு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அன்று நிஜமாகவே ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். பயந்ததுபோலப் புற்றுதான். ஆனால் வேறெங்கும் பரவவில்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றாள் டாக்டர். இடது மார்பை எடுத்தார்கள். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, வாந்தி வந்தது. ஒவ்வொரு தடவையும் மில்லிலிருந்து முறை வைத்து இரண்டு பேர் கூடப் போனார்கள். மகள் கோயம்புத்தூரில் பெண் குழந்தை பெற்றாள். மேரி அதைப் போனில் பார்த்து, அது முதல் ஓட்டலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிற அழகைப் பார்த்து, மருந்து ஏறும் கையோடு சிரித்தாள். அதே சமயம் சாரற்குளத்தில் இன்னும் ஏழு பெண்கள் தாங்களாகவே பஸ் ஏறிப் போய்க் காட்டிக்கொண்டு வந்தார்கள். ஆறு பேருக்கு ஒன்றுமில்லை, ஒருத்திக்குச் சின்னக் கட்டி, எடுத்துவிட்டார்கள்.

பங்குனியில் வெயில் ஏறியபோது ஊரின் உடம்புகள் கொஞ்சம் கொஞ்சமாகக் குரலைக் குறைத்துக்கொண்டன. அவை பேசும் முன்பே ஆட்கள் தாங்களே பேசிவிட்டார்கள். முட்டி வலிக்கிறது என்று முட்டிக்கு முன்னால் சொன்னார்கள். முந்திக்கொண்டவர்களிடம் மல்லுக்கட்ட உறுப்புகளுக்கு என்ன இருக்கிறது?

சித்திரை பிறந்த மறுநாள் இருதயமேரி வேலைக்கு வந்தாள். தலையில் அரை விரல் நீளத்துக்கு முடி முளைத்திருந்தது. சேலையை எப்போதும் போலத்தான் கட்டியிருந்தாள், உள்ளே பஞ்சு எதுவும் வைக்கவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்று, பிறகு எதற்கு நின்றோம் என்று தெரியாமல் உட்கார்ந்தார்கள். ரத்தம் பார்க்கும் சீட்டோடு வந்திருந்த வேணி, கவுண்டரைப் பிடித்து எம்பி, மேரியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லேப் முழுவதும் கேட்கும்படி கேட்டாள்:

"மேரியத்த, உங்களுக்கு ஒரு பக்கம் எங்க?"

அவள் அம்மா பிள்ளையின் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். மேரியக்கா கையைக் காட்டி அம்மாவை நிறுத்தினாள். இதுவரை அடுத்தவள் சொன்ன பாட்டை எழுதிவைத்தவளே தவிர, அவளாக ஒரு வரி கட்டியதில்லை. உதட்டைக் கடித்துக் கூரையைப் பார்த்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகத்தில் ஒரு குறும்பு ஏறியது. அப்புறம் கவுண்டரில் விரலால் தாளம் தட்டினாள்.

"நானும் ரெண்டும் வேனில் போனோம்,
நானும் ஒண்ணும் திரும்பி வந்தோம்!
இறங்கிப் போனவ நல்லவதான்,
இருக்கிற நாங்க வல்லவதான்!"

வேணி ஒரு கணம் யோசித்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெஞ்சு முழுவதும் சிரித்தது, சிரித்துக்கொண்டே சிலர் கண்ணைத் துடைத்தார்கள்.

"இன்னொருக்கா, இன்னொருக்கா!" என்று குதித்தாள் வேணி.

சபூரா அவசரமாக ஒரு ரிப்போர்ட் தாளைத் திருப்பிப் போட்டுப் பேனாவைத் தேடினாள். "எழுதிக்கிடட்டுமாக்கா?"

"எழுதிக்கோ," என்றாள் மேரி. "கீழ எம் பேரைப் போடு. இருதயமேரின்னு முழுசா."

சொல்லிவிட்டு, பிள்ளை கேட்டபடி மறுபடியும் முதல் வரியிலிருந்து, இந்தத் தடவை கீழே ஃப்ளெக்ஸ் கடைக்கும் எதிரே பஸ் ஸ்டாண்டுக்கும் கேட்கிற குரலில், ஆரம்பித்தாள்.